மருத்துவம் படிக்கும் தம்பிக்காக ஓர் உதவி

வணக்கம். தம்பி மருத்துவ பீடத்தில் நாலாம் வருடம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என்னோடுதான் இருக்கிறான். உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்தவன், இந்தமுறை ஒரு பாடத்தில் சறுக்கிவிட்டான். வீட்டில் எல்லோரும் "இன்னும் கூடப் படி" என்கிறார்கள். அவன் படிக்காமல் இல்லை. இரவு ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். பால்தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிக் கிடக்கிறது. எட்டு மணிக்குத் திறந்த அதே பக்கம். ஒரே வரியின் கீழ் நாலைந்து தரம் கோடு.

முந்தநாள் சொன்னான்: "அக்கா, வாட்டில ஆர் அழுதாலும் எனக்கு ஒண்டும் தோன்றுதில்லை." முதல் நோயாளி இறந்த அன்று சாப்பிடாமல் படுத்தவன் அவன். அதுதான் என்னை உலுக்கியது.

தேடி வாசித்தேன். தொடர்ந்த அழுத்தத்தால் ஆள் வற்றிப்போகும் 'பர்ன்அவுட்' (burnout) நிலையை அளக்க 1981இல் வந்த மாஸ்லாக் அளவுகோல் சொல்லும் மூன்றும், அதாவது உணர்வு வற்றிப்போவது, ஆட்களிடமிருந்து விலகுவது, தன்னால் ஏதும் ஆகாது என்ற எண்ணம், அவனிடம் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை நோயாக வகைப்படுத்தவில்லை. சரி, ஆனால் கூடவே மனச்சோர்வு நோயும் இருந்தால்? அதுதான் பயம்.

இதைக் கடந்து வந்த டொக்டர்மார், சீனியர் பிள்ளைகள் சொல்லுங்கள்: திரும்ப எழுதும் சோதனையை முன்னால் வைத்துக்கொண்டு எப்படி ஓய்வெடுத்தீர்கள்? விடுப்புக் கேட்க முதலில் யாரிடம் போகவேண்டும்? படிப்பிக்கிறவர்களிடமே காட்ட வெட்கப்படுகிறான். யாழ்ப்பாணத்தில், பீடத்துக்கு வெளியே, தமிழில் கதைக்கக்கூடிய மனநல மருத்துவர் யாராவது இருக்கிறார்களா? மனநல உதவிக்கான 1926 தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான், இன்னும் அழைக்கவில்லை.

உள்பெட்டியில் எழுதினாலும் போதும்.