நாலரை வயசு பையன் ஆறு ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் ஆய் போறான், என்ன பண்றதுன்னே தெரியல

பவானிக்கரை அம்மா:
எல்லாருக்கும் வணக்கங்க. ஈரோடு பக்கம் இருக்கோம். பையனுக்கு நாலரை வயசு, எல்கேஜி போறான், வெயிட் 15 கிலோ. முன்னாடியே கொஞ்சம் இறுக்கமாதான் போவான், ஆனா ஜூன்ல ஸ்கூல் சேர்த்ததுல இருந்து ரொம்ப மோசமாயிருச்சு. ஆறு நாள், சில சமயம் எட்டு நாள் கூட போறதில்லைங்க. போற அன்னிக்கு வீடே கலங்கிரும், பெரியவங்க போற அளவுக்கு பெருசா கட்டியா வருது, கத்தி அழுது வேர்த்து ஊத்தி, ரெண்டு தடவை ரத்தம் கூட வந்துச்சு. இப்ப என்னன்னா வயித்த வலிக்குதுன்னு சொல்லிட்டு பீரோ பின்னாடி போய் நின்னுக்கறான், கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு, குதிகால தூக்கி, மூஞ்சியெல்லாம் சிவந்து போய் நிக்கறான், வாடா பாத்ரூம் போலாம்னா வரலைன்னு ஒரே கத்தல். நானும் முக்கறான்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

இதுல இன்னொண்ணு, பதினஞ்சு நாளா ஜட்டியில தண்ணியா கறை ஆகுது. ஒரு நாளைக்கு நாலு ஜட்டி மாத்தறேன். மாமியார் இது பேதி, பால் சாதமும் பிஸ்கட்டும் மட்டும் குடுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, மலச்சிக்கல் இருக்கறவனுக்கு எப்படி பேதி ஆகும்? ஸ்கூல்ல மிஸ் கூப்பிட்டு டாய்லெட் பழக்கி அனுப்புங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து கோவத்துல அவனை ஒரு அடி அடிச்சுட்டேங்க. அவன் 'எனக்கு தெரியாமயே வருதும்மா'ன்னு அழுதான். அந்த ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

டாக்டர் மலம் இளகறதுக்கு லாக்டுலோஸ் சிரப் குடுத்தாரு. அஞ்சு நாள் குடுத்தேன், ஒரு நாள் போனான், அப்புறம் மருந்துக்கே பழக்கம் ஆயிரும்னு வீட்ல சொன்னதால நிறுத்திட்டேன். தண்ணி, வாழைப்பழம், திராட்சை ஊற வெச்ச தண்ணி எல்லாம் குடுத்து பாத்தாச்சு. பால் காலைல ஒரு டம்ளர், ஸ்கூல் விட்டு வந்து ஒண்ணு, ராத்திரி பாட்டில்ல ஒண்ணு, சோறு கம்மியாதான் சாப்பிடுவான். யாராவது இதை தாண்டி வந்திருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

செட்டிநாட்டுப் பாட்டி:
கண்ணு, பயப்படாதம்மா. எங்க காலத்துல வெத்தலக் காம்புல விளக்கெண்ணெய் தொட்டு லேசா வெச்சு விடுவோம், உடனே போயிரும். மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெயும் குடுப்போம். என் நாலு பிள்ளைங்களையும் அப்படித்தான் வளத்தேன். மைதா பண்டத்த நிறுத்து, கீரை குடு, சரியாயிரும்.

தாமிரபரணி:
சிஸ்டர், உங்க போஸ்ட்ட படிச்சதும் என் பொண்ணு கண்ணு முன்னாடி வந்து நின்னுட்டா. எங்க வீட்ல திரைச்சீலைக்கு பின்னாடி, உங்க வீட்ல பீரோ பின்னாடி, அவ்வளவுதான் வித்தியாசம். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கால பின்னிக்கிட்டு குதிகால தூக்கி நிக்கறது முக்கறது இல்ல, அடக்கறது. எனக்கும் ஒரு வருஷம் கழிச்சுதான் இது தெரியும். எப்பவோ ஒரு தடவை கட்டியா போய் வலிச்சிருக்கும், அந்த வலிக்கு பயந்து அடுத்த தடவை அடக்குறாங்க, அடக்க அடக்க உள்ள தண்ணி உறிஞ்சி இன்னும் கட்டியாகுது, அது வரும்போது இன்னும் வலிக்குது, அதுக்கு பயந்து இன்னும் அடக்கம். பிடிவாதம்னு நாம நெனக்கிறோம், பிள்ளைக்கு அது பயம்.

அந்த கறையும் பேதி இல்லம்மா. உள்ள பெரிய கட்டி அடைச்சுக்கிட்டு நிக்குது, மேல இருந்து வர்ற இளகின மலம் அந்த கட்டிக்கு ஓரமா வழிஞ்சு வருது. ரொம்ப நாள் அடக்கி மலக்குடல் பெருசா விரிஞ்சு போயிட்டதால வர்ற உணர்ச்சியே அவங்களுக்கு இருக்காது. உங்க பையன் தெரியாமயே வருதுன்னு சொன்னது சத்தியமான வார்த்தை. நானும் என் பொண்ண திட்டியிருக்கேன், ஜட்டியை அவளையே துவைக்க வெச்சிருக்கேன், இன்னிக்கும் நெனச்சா வலிக்குது. நீங்க போய் அவன்கிட்ட 'அம்மா புரியாம அடிச்சுட்டேன், உன் மேல தப்பு இல்ல'ன்னு சொல்லிருங்க, அது மருந்து மாதிரி.

பேதின்னு நெனச்சு பால் சாதம் பிஸ்கட் மட்டும் குடுத்தா இன்னும் இறுகிரும், அதை மட்டும் உடனே நிறுத்துங்க. எங்களுக்கு முழுசா சரியாக பதினாலு மாசம் ஆச்சு. பயமுறுத்த சொல்லல, அஞ்சு நாள்ல சரியாகலையேன்னு நீங்க உடைஞ்சு போகக்கூடாதுன்னு சொல்றேன்.

வார்டு சிஸ்டர்:
நான் குழந்தைகள் வார்டுல நர்ஸா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. தாமிரபரணி மேடம் சொன்னது அத்தனையும் சரி. கொஞ்சம் விவரமா எழுதறேன், நீளமாயிருச்சுன்னா மன்னிச்சுக்கோங்க, ஏன்னா இந்த விஷயத்துல பாதி வைத்தியத்துல நிறுத்திட்டு திரும்ப திரும்ப வர்ற பிள்ளைங்கள பாத்து பாத்து எனக்கு மனசே ஆறல.

வைத்தியம் ரெண்டு கட்டம். முதல்ல உள்ள அடைஞ்சு கிடக்கறத முழுசா வெளியேத்தணும். அதை விட்டுட்டு வாழைப்பழமும் கீரையும் குடுத்தா அடைச்ச சாக்கடைக்கு மேல தண்ணி ஊத்துற மாதிரிதான். இதுக்கு இப்ப பெரும்பாலும் குடுக்கறது பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர், தண்ணியில கரைச்சு குடிக்கறது, பெக் பவுடர்னு சொல்வாங்க. கட்டி இறங்கறதுக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 1ல இருந்து 1.5 கிராம் வரைக்கும், 3ல இருந்து 6 நாள் குடுப்பாங்க. உங்க பையன் 15 கிலோன்னா 15ல இருந்து 22 கிராம் வரும். இத நீங்களா கடையில வாங்கி ஆரம்பிக்காதீங்க, டாக்டர் வயித்த அமுக்கி பாத்து கட்டி எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் சொல்வாரு. இந்த நாள்ல தண்ணியா போகும், கறை முன்னைவிட ஜாஸ்தியாகும், அதை பாத்து பேதி ஆயிருச்சுன்னு பயந்து எல்லாரும் நிறுத்திடறாங்க. அங்கதான் தப்பு நடக்குது. முடிஞ்சா அந்த வாரம் ஸ்கூலுக்கு லீவ் போடுங்க.

ரெண்டாவது கட்டம் தினமும் குடுக்கறது. அளவு குறையும், கிலோவுக்கு 0.4 கிராம் மாதிரி ஆரம்பிச்சு பிள்ளைக்கு ஏத்தபடி ஏத்தி இறக்குவாங்க. பெக் இல்லன்னா லாக்டுலோஸ். குறைஞ்சது ரெண்டு மாசம். ஒரு மாசம் முழுக்க எந்த தொந்தரவும் இல்லாம இருந்தாதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், பட்டுன்னு நிறுத்தக்கூடாது. விரிஞ்ச மலக்குடல் சுருங்கி பழைய நிலைக்கு வர மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் வலியே இல்லாம போய் போய் பிள்ளைக்கு அந்த பயம் மறக்கணும். பழக்கம் ஆயிரும்னு எல்லா வீட்லயும் சொல்றாங்க, பெக் ரத்தத்துல பெருசா சேராது, குடல்லயே தண்ணிய புடிச்சு வெச்சு மலத்த இளக்கும், அவ்வளவுதான். லாக்டுலோஸ் வேலை செய்யவே ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், கொஞ்சம் கேஸ் வரும். பழக்கமாயிரும்னு பயந்து சீக்கிரம் நிறுத்தறதாலதான் திரும்ப அடைக்குது, அதை பாத்துட்டு மருந்து இல்லாம போக மாட்டேங்கறான்னு சொல்றோம்.

பாட்டிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அன்போட சொல்றீங்க, எங்க அம்மாவும் இதத்தான் செஞ்சாங்க. ஆனா இந்த பையனுக்கு பயமே அந்த இடத்துலதான் இருக்கு. வெத்தலக் காம்பு, சோப்பு துண்டு எதையாவது வெச்சா அந்த பயம் இரட்டிப்பாகும், ஆசனவாயில வெடிப்பு இருந்தா புண்ணு பெருசாகும். எனிமா கூட வாயால குடுக்கற மருந்து கேக்காதப்பதான். விளக்கெண்ணெய் குடலை முறுக்கி தள்ளும், கட்டி அடைச்சிருக்கறப்ப வயித்து வலில துடிச்சிருவான்.

உக்கார வைக்கறதுக்கு ஒரு நேரம் இருக்கு. சாப்பிட்ட உடனே பெருங்குடல் தானா அசையும், அதனால சாப்பிட்டு பத்து இருபது நிமிஷத்துக்குள்ள கூட்டிட்டு போங்க, அஞ்சு நிமிஷம் போதும், பத்துக்கு மேல வேண்டாம். இந்தியன் டாய்லெட் நல்லது, குழிக்கு பயப்படறான்னா பிள்ளைங்க உக்கார்ற சின்ன டாய்லெட் பாட் வாங்குங்க. வெஸ்டர்ன்னா கால் தொங்கக்கூடாது, பாதம் ஊனி முட்டி இடுப்புக்கு மேல வர்ற மாதிரி முக்காலி போடுங்க. பலூன் ஊத சொல்லுங்க, சோப்பு நுரை ஊத சொல்லுங்க, ஊதறப்ப வயித்துல தானா அழுத்தம் வரும். போனா மட்டும் பாராட்டாதீங்க, உக்காந்ததுக்கே பாராட்டுங்க. வந்துச்சா வந்துச்சான்னு கேக்காதீங்க.

பால் மூணு டம்ளர் ரொம்ப ஜாஸ்தி, ராத்திரி பாட்டில மொதல்ல நிறுத்துங்க. மொத்தம் 400, 500 மில்லிக்குள்ள வெச்சா அவனுக்கே பசிச்சு சோறு இறங்கும். கொய்யா, பப்பாளி, சக்கரவள்ளிக் கிழங்கு, கீரை, பச்சப்பயறு குடுங்க. தண்ணி வயசுக்கு தேவையான அளவு போதும், கட்டாயப்படுத்தி லிட்டர் லிட்டரா ஊத்தறதால மலம் இளகாது.

மகிழ் அப்பா:
ஸ்கூல் விஷயத்த யாரும் சொல்லலையேன்னு எழுதறேன். எங்க பையனும் வீட்ல ஒழுங்கா போய்ட்டு இருந்தவன், ஸ்கூல் போக ஆரம்பிச்சதும்தான் அடக்க ஆரம்பிச்சான். மெதுவா கேட்டு பாத்தா அங்க தாழ்ப்பாள் இல்ல, தண்ணி இல்ல, ஆயாம்மா சத்தம் போடறாங்க, மூக்க புடிக்கற நாத்தம். பெரியவங்க நாமளே போக மாட்டோம், அந்த சின்ன உசுரு எப்படி போகும்? நான் மிஸ்கிட்ட தனியா போய் உக்காந்து பேசினேன், டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு போனேன், இவனுக்கு இது ஒரு நோய், கேட்டதும் அனுப்பணும், கறை ஆனா பிள்ளைங்க முன்னாடி சொல்லக்கூடாதுன்னு. பையில ரெண்டு ஜட்டி, ஒரு கவர், டிஷ்யூ தனியா வெச்சு விட்டோம். காலைல அரைமணி முன்னாடி எழுப்பி, சாப்பிட்டு உக்கார நேரம் குடுத்தோம், வேன் வந்துருச்சு வேன் வந்துருச்சுன்னு துரத்தறத நிறுத்தினதே பெரிய மாத்தம். ஒரு காலண்டர்ல தினமும் போனானா, கட்டியா இளகலா, கறை இருந்துச்சான்னு குறிச்சு வைங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும். ராத்திரி படுக்கையில ஒண்ணுக்கு போறதும் எங்களுக்கு இருந்துச்சு, நிறைஞ்ச மலக்குடல் மூத்திரப்பைய அமுக்குமாம், இது சரியானதும் அதுவும் குறைஞ்சுது.

குமரிக் காற்று:
எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா ஒண்ணு விட்டுப் போச்சு. எல்லா மலச்சிக்கலும் அடக்கறதால வர்றது இல்ல. என் அக்கா மகன் பொறந்து மூணாவது நாள்தான் முதல் மலம் போனான், அதான் காட்டுப்பீன்னு சொல்வோமே அந்த கருப்பு மலம், அத யாரும் பெருசா எடுத்துக்கல. வயிறு உப்பிக்கிட்டே இருந்துச்சு, வெயிட் ஏறல, சோப்பு வெச்சு வெச்சே எட்டு மாசம் ஓட்டிட்டாங்க. அப்புறம்தான் குடல்ல கொஞ்ச தூரத்துக்கு நரம்பு செல்லே இல்லன்னு தெரிஞ்சுது, ஹிர்ஷ்ப்ரங் நோய்னு பேரு, சதைய எடுத்து டெஸ்ட் பண்ணி ஆபரேஷன் ஆச்சு, இப்ப நல்லா இருக்கான். அதனால டாக்டர்கிட்ட போறப்ப இதெல்லாம் சொல்லுங்க: முதல் மலம் 48 மணி நேரத்துக்குள்ள போனானா, பொறந்த முதல் மாசத்துலயே மலச்சிக்கல் இருந்துச்சா, வயிறு உப்பி பச்சையா வாந்தி எடுக்கறானா, வெயிட் ஏறுதா, கால்ல பலவீனம் இருக்கா, முதுகுக்கு கீழ முடிக்கத்தையோ குழியோ இருக்கா. இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பாத்துட்டு உக்காரக்கூடாது. பச்சை வாந்தியும் வயிறு உப்பலும் சேர்ந்து வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

செட்டிநாட்டுப் பாட்டி:
வார்டு சிஸ்டர், வருத்தம் ஒண்ணும் இல்லம்மா. என் மூணாவது பொண்ணு அந்த காம்ப பாத்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவா, இப்பதான் யோசிக்கிறேன். பவானிக்கரை அம்மா, நீ சிஸ்டர் சொல்றபடியே கேளு கண்ணு.

பவானிக்கரை அம்மா:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க, பதில் போட மூணு வாரம் ஆயிருச்சு. வேற ஒரு குழந்தை டாக்டர்கிட்ட போனோம், வயித்த அமுக்கி பாத்துட்டு என் கைய புடிச்சு இடது பக்கம் கீழ வெச்சு காட்டினாரு, கல்லு மாதிரி இருந்துச்சு. இவ்வளவு நாள் அத சுமந்துட்டு ஸ்கூல் போயிருக்கான். நீங்க சொன்ன கேள்வி எல்லாம் நானே சொன்னேன், பொறந்த அன்னிக்கே போயிட்டான், வெயிட்டும் சரியா இருக்கு, பயப்பட வேண்டாம்னாரு. வெடிப்பு இருக்கு, அதான் ரத்தம்னாரு, தடவ ஆயின்மென்ட் குடுத்தாரு. பெக் பவுடர் அஞ்சு நாள். மூணாவது நாள் ஒரே வெள்ளம், மாமியார் நிறுத்துன்னு சொன்னாங்க, நான் சிஸ்டர் எழுதினத அப்படியே படிச்சு காட்டினேன், அப்புறம் அவங்களே ஜட்டி துவைச்சு குடுத்தாங்க.

இப்ப தினமும் எலுமிச்சை ஜூஸ்ல கலந்து குடுக்கறேன், மொதல்ல வெறும் தண்ணில குடுத்தா துப்பிட்டான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இளகலா போறான். கறை வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வருது. ராத்திரி பாட்டில் நிறுத்த நாலு நாள் அழுகை, அஞ்சாவது நாள் ரெண்டு இட்லி கேட்டு சாப்பிட்டான். அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேங்க தாமிரபரணி அக்கா. ஒண்ணும் சொல்லல, வந்து மடியில உக்காந்துக்கிட்டான். நேத்து அவனே வந்து 'அம்மா, வருது'ன்னு சொல்லி பாத்ரூம் பக்கம் ஓடினான், நான் சமையல்கட்டுல நின்னு அழுதுட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம், அடுத்த வாரம் ஊர் திருவிழாவுக்கு நாலு நாள் போறோம், பவுடர் அந்த நாலு நாள் விடலாமா?

வார்டு சிஸ்டர்:
விடாதீங்கம்மா, எடுத்துட்டு போங்க. ஊர் மாறினா பிள்ளைங்க அடக்கறது ஜாஸ்தி. அவன் உக்கார்ற டாய்லெட் பாட் இருந்தா அதையும் பையில வெச்சுக்கோங்க. ரெண்டு நாளைக்கு மேல போகலைன்னா அங்க இருந்தே டாக்டருக்கு போன் பண்ணுங்க.