மூன்று மீட்டர் கம்பியில் எவ்வளவு ஒலி தொலைகிறது? – ஸ்பீக்கர் கேபிள் குறித்து ஒரு விவாதம்

மாலைக்கேட்பு:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 4 ஓம் கோபுர வகை ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 3 மீட்டர் தூரம். இப்போது 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள சாதாரணச் செம்புக் கம்பியைப் பயன்படுத்துகிறேன். வெள்ளி முலாம் பூசி, டெஃப்லான் உறையிட்ட கேபிளுக்கு மாறினால் உயர் அதிர்வெண்கள் தெளிவடையும், தாழ் ஒலிகள் இறுகும் என்று இசை ஆர்வலர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்தக் கேபிளின் விலை என் ஆம்ப்ளிஃபயர் விலையில் பாதியாகிறது. இச்செலவுக்குக் காதில் கேட்கத்தக்க பயன் ஏதேனும் உண்டா என்பதைக் காரணங்களோடு விளக்க வேண்டுகிறேன்.

வெள்ளித்தந்தி:
பயன் நிச்சயமாக உண்டு. பல ஆண்டுகளாக வெவ்வேறு கேபிள்களை மாற்றிக் கேட்டு வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல கேபிளில் வயலினின் வில் தந்தியைத் தொடும் கணமும், அதன் பின்னால் அறை எதிரொலி அடங்கும் விதமும் தனித்துக் கேட்கின்றன, சாதாரணக் கம்பியில் அவை ஒன்றோடொன்று குழம்புகின்றன. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டியே பாயும் என்பது பாடநூலில் உள்ள செய்தி. அந்த மேற்பரப்பில் செம்பைவிட நன்றாகக் கடத்தும் வெள்ளி இருந்தால் உயர் அதிர்வெண்களுக்கு நன்மை விளையும் என்பதை ஏற்பதில் என்ன தடை இருக்கிறது? தாழ் ஒலிகளைப் பொறுத்தவரை, ஆம்ப்ளிஃபயரின் டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கர் கூம்பின் அசைவை அது அடக்கும் திறனைக் குறிக்கும் எண்) 200 என்று எழுதியிருந்தாலும், மோசமான கம்பி இடையில் வந்தால் அந்த எண் பொருளற்றுப் போகிறது.

ஓமளவி:
வெள்ளித்தந்தி அவர்கள் சொன்ன இரண்டு காரணங்களும் இயற்பியலில் உண்மையாக உள்ளவையே. அவற்றின் அளவு எவ்வளவு என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 3 மீட்டர் கேபிளில் உள்ள கம்பியின் நீளம் 6 மீட்டர். மொத்த மின்தடை சுமார் 0.04 ஓம். 4 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) எல்லா அதிர்வெண்ணிலும் 4 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 3.2 ஓமுக்கு இறங்கி, வேறோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறுகிறது என்று கொள்வோம். இறங்கிய இடத்தில் கேபிளால் ஏற்படும் இழப்பு 0.11 டெசிபெல், ஏறிய இடத்தில் 0.02 டெசிபெல். ஆக, இந்தக் கம்பி ஸ்பீக்கரின் ஒலிச் சமநிலையை மாற்றும் அளவு 0.1 டெசிபெலுக்கும் குறைவு. மின்தடையே இல்லாத கேபிள் ஒன்றை யாரேனும் செய்து கொடுத்தாலும் அதனால் திரும்பக் கிடைக்கக்கூடியது இவ்வளவுதான். ஒலி அளவில் 0.2 அல்லது 0.3 டெசிபெலுக்குக் கீழான வேறுபாட்டைக் கவனமாகக் கேட்பவர்களாலும் பிடிக்க இயலுவது அரிது.

அடுத்து, மேற்பரப்பு விளைவு. 20 கிலோஹெர்ட்ஸில் செம்பினுள் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 0.46 மி.மீ. இக்கம்பியின் ஆரமே 0.9 மி.மீ. தான் என்பதால், அந்த உச்ச அதிர்வெண்ணிலும் மின்தடை ஏறக்குறைய கால்பங்கு மட்டுமே கூடுகிறது: 0.04 ஓம் 0.05 ஓம் ஆகிறது. வெள்ளியின் மின்தடை எண்ணோ செம்பைவிட ஐந்து விழுக்காட்டளவே குறைவு. கூடிய அந்த 0.01 ஓமில், சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள முலாம் எத்தனை பங்கை மீட்டுத் தரும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

டேம்பிங் ஃபேக்டர் 200 என்றால் 8 ஓமுக்கு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடை 0.04 ஓம். ஆனால் ஸ்பீக்கர் கூம்பின் அசைவை அடக்கும் மின்னோட்டம் ஆம்ப்ளிஃபயர், கேபிள் ஆகியவற்றோடு கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் வழியாகவும் பாய்ந்தாக வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் அந்தக் காயிலின் நேர்மின்தடை மட்டுமே சுமார் 3 ஓம். அதற்குப் பக்கத்தில் கேபிளின் 0.04 ஓம் ஒன்றரை விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதிர்வெண்களைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள மின்தூண்டியின் செம்புக் கம்பி இதைவிடப் பல மடங்கு மின்தடை கொண்டது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

வெள்ளித்தந்தி:
கணக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டது மின்தடை ஒன்றை மட்டுமே. கேபிளுக்கு மின்தூண்டலும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் இயல்பு) மின்தேக்குதிறனும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் இயல்பு) உண்டு. 1991-இல் ஆடியோ பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் ஃப்ரெட் டேவிஸ் வெளியிட்ட ஆய்வு, கேபிளும் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று பாதிப்பதை அளந்தே காட்டியது. மின்தூண்டல் குறைந்த கேபிள்கள் அதில் மேம்பட்டு நின்றன. அளவீட்டை நம்புவோர் அந்த அளவீட்டையும் நம்பத்தானே வேண்டும்? கூம்புக்குப் பதில் மெல்லிய படலத்தை மின்புலத்தால் அசைக்கும் நிலைமின் வகை ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் இம்பீடன்ஸ் 20 கிலோஹெர்ட்ஸை நெருங்கும்போது 1 அல்லது 2 ஓமுக்கு வீழ்வதுண்டு. அங்கே கேபிள் மாற்றம் காதுக்கு எட்டாது என்று சொல்லத் துணிவீர்களா?

ஓமளவி:
துணிய மாட்டேன். நிலைமின் ஸ்பீக்கர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. இணையாக ஓடும் சாதாரண இரட்டைக் கம்பியின் மின்தூண்டல் மீட்டருக்கு 0.6 அல்லது 0.7 மைக்ரோஹென்றி, 3 மீட்டருக்கு 2 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொண்டால் 20 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 0.25 ஓம். மின்தேக்கி போல் நடந்துகொள்ளும் 1.5 ஓம் சுமையின் முன்னால் இது சிறிதன்று. கேட்கும் எல்லையின் உச்சியில் 1 டெசிபெல் அளவுக்கு ஏற்ற இறக்கம் வரலாம். ஆனால் கேள்வி கேட்டவரிடம் இருப்பது கூம்பு வகை ஸ்பீக்கர். 4 ஓம் மின்தடை போல் நடந்துகொள்ளும் டுவீட்டருடன் (உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் பகுதி) தொடரில் வரும் 0.25 ஓம் மின்தூண்டல் மறுப்பு நேராகக் கூடுவதில்லை, செங்குத்தாகக் கூடுகிறது, இழப்பு 0.02 டெசிபெலைத் தாண்டாது.

மேலும், மின்தூண்டல் குறைந்த கேபிள் வேண்டுமென்றால் இரு கடத்திகளையும் நெருக்கி வைத்தால் போதும். விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நெருக்கத்தை மிகைப்படுத்தினால் மின்தேக்குதிறன் ஏறும். மெல்லிய காப்பிட்ட இழைகளைப் பின்னிச் செய்த சில கேபிள்களில் அது மிக உயர்ந்து, தாங்கும் வலுவில்லாத ஆம்ப்ளிஃபயர்கள் தாமாக அலைவுறத் தொடங்கியதுண்டு. அப்படி ஆகும்போது விலையுயர்ந்த கேபிள் ஒலியை மாற்றுகிறது என்பது உண்மையே, கெடுக்கும் திசையில்.

பழுதுநீக்கி:
இருவரும் சொல்லாத சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பது என் தொழில். "கேபிள் மாற்றியதும் ஒலி தெளிந்துவிட்டது" என்பவர்களின் பழைய கேபிளை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் முனை கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். அல்லது இழைகளில் பாதி அறுந்து, மீதிப் பாதி திருகின் கீழ் தளர்ந்து கிடக்கும். சிலரிடம் ஒரு பக்க ஸ்பீக்கரின் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கும். அந்நிலையில் இரு ஸ்பீக்கர்களும் தாழ் அதிர்வெண்ணில் ஒன்றையொன்று அழிப்பதால் இசை சூம்பிப்போய்க் கேட்கும். புதிய கேபிளை இணைக்கும்போது அது தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. அவர்கள் கேட்ட மாற்றம் உண்மைதான். முனையைச் சுரண்டி இறுக்கியிருந்தாலும் அதே மாற்றம் கிடைத்திருக்கும்.

இன்னொன்றில் எச்சரிக்கை தேவை. செம்பு என்ற பெயரில் விற்கும் மலிவான கம்பிகளில் ஒரு பகுதி, அலுமினியத்தின் மேல் செம்புத் தோல் போர்த்தியது. அதே பருமனில் அதன் மின்தடை தூய செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியும். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற பெருமையைப் பொறுத்தவரை, வீட்டு மின்கம்பிக்கு வழக்கமாகப் பயன்படும் செம்பே 99.9 விழுக்காடு தூயது. இரண்டின் கடத்துதிறனும் ஒரு விழுக்காட்டளவுதான் வேறுபடும்.

வெள்ளித்தந்தி:
பழுதுநீக்கி அவர்கள் சொன்ன குறைகள் எதுவும் என் வீட்டில் இல்லை. இணைப்புகளை ஒழுங்காகத் துடைத்துப் பராமரிப்பவன் நான். ஆகவே என் அனுபவத்தை அக்கணக்கில் தள்ளிவிட முடியாது. அதிர்வெண் சமநிலை ஒன்றையே அளந்துவிட்டு எல்லாம் அளந்தாகிவிட்டது என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. உறைப் பொருள் ஆற்றலைச் சேமித்துத் தாமதமாக வெளிவிடுவது, ஒலியின் தொடக்கக் கணத்தைக் கேபிள் மழுக்குவது ஆகியவை டெசிபெல் கணக்கில் தெரியாமல் போகலாம் அல்லவா?

ஓமளவி:
அவை கணக்கில் வராமல் போனாலும், நேரடி அளவீட்டில் தப்ப முடியாது. கேபிளின் தொடக்கத்தில் உள்ள மின்னழுத்தத்தையும் ஸ்பீக்கர் முனையில் உள்ள மின்னழுத்தத்தையும், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பதிவு செய்யலாம். தாமதம், மழுக்கம், சேமிப்பு என்று கேபிள் எதைச் செய்திருந்தாலும், பெயர் தெரியாத விளைவாக இருந்தாலும், அந்த மிச்சத்தில் அது இருந்தே தீர வேண்டும். ஏனெனில் ஸ்பீக்கருக்குத் தெரிவது தன் முனைகளில் உள்ள மின்னழுத்தம் ஒன்றுதான். அந்த மிச்சத்தில் நான் மேலே சொன்ன மின்தடையும் மின்தூண்டலும் உண்டாக்கும் சிறு வீழ்ச்சியே இருக்கிறது. உறைப் பொருளின் விளைவு மின்தேக்குதிறன் வழியாகவே வர வேண்டும். உயர்மின்தடைச் சுற்றில் அது பொருட்படுத்தத்தக்கது. ஒரு ஓமில் நூறில் சில பங்கே வெளியீட்டு மின்தடையுள்ள ஆம்ப்ளிஃபயர் ஓட்டும் 4 ஓம் சுமையில் அதற்கு இடமில்லை.

கேட்பதையே அளவுகோலாகக் கொண்டாலும் வரலாறு உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 1983-இல் வெளியிட்ட மறைத்துக் கேட்கும் சோதனையில், மிக மெல்லிய 24 கேஜ் கம்பியை (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), எல்லா அதிர்வெண்களும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலில் கேட்போர் அடையாளம் கண்டனர். 16 கேஜ் கம்பிக்கும் அக்காலத்தின் விலையுயர்ந்த கேபிளுக்கும் இடையே இசையில் வேறுபாடு காண இயலவில்லை. மெல்லிய கம்பி பிடிபட்டது என்பதைக் கவனியுங்கள். வேறுபாடு இருந்தால் இம்முறை அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அதுவே சான்று.

மாலைக்கேட்பு:
2007-இல் மாயவித்தைக்காரரும் ஐயவாதியுமான ஜேம்ஸ் ராண்டி பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததாகப் படித்திருக்கிறேன். அது இவ்விவாதத்தை முடித்துவைக்கவில்லையா?

வெள்ளித்தந்தி:
பேர் (Pear) என்ற நிறுவனத்தின் 7,250 டாலர் விலையுள்ள கேபிளை வேறொரு கேபிளிலிருந்து காதால் பிரித்தறிய முடியுமா என்பது அந்தச் சவால். இதழியலாளர் மைக்கேல் ஃப்ரெமர் அதை ஏற்க முன்வந்தார். கேபிள் நிறுவனம் விலகிக்கொண்டது. சோதனை நடக்கவே இல்லை. நடக்காத சோதனையை எந்தப் பக்கமும் சான்றாகக் காட்ட முடியாது.

ஓமளவி:
இதில் நான் வெள்ளித்தந்தி அவர்கள் பக்கம்.

மாலைக்கேட்பு அவர்களுக்கு: நீங்கள் இப்போது வைத்திருக்கும் கம்பியே போதுமானது. ஸ்பீக்கர்களை 10 மீட்டர் தொலைவுக்கு நகர்த்தி, 0.75 சதுர மி.மீ. கம்பியைப் பயன்படுத்தினால் மட்டும் நிலை மாறும். அப்போது கேபிளின் மின்தடை 0.46 ஓம், 3.2 ஓமில் இழப்பு 1.16 டெசிபெல், 20 ஓமில் 0.2 டெசிபெல். கிட்டத்தட்ட 1 டெசிபெல் சாய்வு காதுக்கு எட்டும். அதற்கு மருந்து பருமன். 4 சதுர மி.மீ. செம்பு அதை 0.086 ஓமுக்கு இறக்கிவிடும்.

வெள்ளித்தந்தி:
மறைத்துக் கேட்கும் சோதனைகளைப் பற்றி எனக்கு ஓர் அடிப்படை மறுப்பு உண்டு. இசையில் ஊறி, பல நாள்கள் ஒரே கேபிளுடன் வாழ்ந்த பிறகே அதன் குணம் புலப்படுகிறது. சில விநாடிகளில் பொத்தானை அழுத்தி "இதுவா, அதுவா" என்று தேர்வு எழுதச் சொல்லும்போது, கேட்பவரின் மனம் இசையில் இருப்பதில்லை, விடையில் இருக்கிறது. அத்தகைய பதற்றத்தில் உண்மையான வேறுபாடும் மறைந்துபோகும்.

ஓமளவி:
நியாயமான மறுப்பு. ஆனால் 1982-இல் டேவிட் கிளார்க் விவரித்த ஏபிஎக்ஸ் முறையில் (மறைத்துவைத்த X என்பது A-யா, B-யா என்று கண்டறியும் சோதனை) அப்படியொரு காலவரையறை கிடையாது. ஒரு கேபிளை ஒரு வாரம் கேட்டுவிட்டு அடுத்ததற்கு மாறலாம். உங்கள் அறை, உங்கள் கருவிகள், உங்கள் இசை, யாரும் அருகில் இல்லாத நேரம். நிபந்தனைகள் மூன்றே: எது இணைக்கப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்கும் உங்களோடு பேசுபவருக்கும் தெரியக் கூடாது, ஸ்பீக்கர் முனையில் இரண்டின் ஒலி அளவும் 0.1 டெசிபெலுக்குள் பொருந்த வேண்டும். மாற்றும்போது ஸ்பீக்கர் இம்மியும் நகரக் கூடாது. 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது குருட்டு ஊகமாக இருப்பதற்கான வாய்ப்பு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு; அந்த முடிவை நான் மறுப்பின்றி ஏற்பேன். பெட்டிக்குள் கேபிளை மறைத்து மாற்றும் ரிலே சுற்றின் வரைபடத்தை வேண்டுமானால் வரைந்து தருகிறேன்.

வெள்ளித்தந்தி:
ரிலேயின் தொடுமுனைகள் தாமே ஒலியைக் கெடுக்கும். கையால் மாற்றுவதென்றால் சம்மதம். ஒரு கேபிளுக்கு ஒரு வாரம் வேண்டும்.

பழுதுநீக்கி:
கையாலேயே மாற்றலாம். ஒவ்வொரு முறையும் முனைகளை ஒரே அளவு இறுக்க வேண்டும் என்பதால், இரண்டு கேபிள்களுக்கும் ஒரே வகை பனானா பிளக் பொருத்திவிடுங்கள். பின்பக்கத்தைத் துணியால் மூடி, மாற்றுபவர் நாணயம் சுண்டி வரிசையைத் தீர்மானித்து, உறையிலிட்டு ஒட்டிவைக்கட்டும்.