சிலிண்டர் மாற்றியதிலிருந்து ட்ரெய்லர் அடுப்பில் தீ ஏறவில்லை, ரெகுலேட்டர்தான் காரணமா?

கேள்வி:
வணக்கம். ஒன்டாரியோவில் வைத்திருக்கும் 2011 மாடல் கேம்பிங் ட்ரெய்லர். முன்பக்கம் 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் இரண்டு, நடுவில் ஒன்று தீர்ந்தால் மற்றதற்குத் தானாக மாறும் ரெகுலேட்டர். நிரப்பிய சிலிண்டர்களை மாட்டியதிலிருந்து அடுப்பில் தீ ஒரு விரக்கடை உயரம்கூட வருவதில்லை. ஃபர்னஸ் (உள்ளே சூடேற்றும் ஹீட்டர்) பற்றிக்கொண்ட உடனே அணைந்துவிடுகிறது. சிலிண்டர் பக்கம் லேசாக வாடையும் இருக்கிறது. ரெகுலேட்டரை மாற்றலாமா? இணைப்பில் டெஃப்ளான் டேப் சுற்றினால் வாடை நிற்குமா?

பதில் 1:
முதலில் வாடையைப் பாருங்கள், தீ அப்புறம். இரண்டு வால்வையும் மூடிவிட்டு, அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு ஒரு சிலிண்டரை மட்டும் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பிரஷ்ஷால் பூசுங்கள். அம்மோனியா, குளோரின் கலந்த கிளீனர் வேண்டாம், பித்தளையை அரிக்கும். பூச வேண்டிய இடங்கள்: வால்வுக் கைப்பிடியின் அடித்தண்டு, சிலிண்டரில் மாட்டும் பிளாஸ்டிக் நட்டு, ஹோஸின் இரு முனைகளிலும் உலோகம் ரப்பரைக் கவ்வும் இடம், ரெகுலேட்டர் இணைப்பு. குமிழி வந்தால் கசிவு. ஹோஸை வளைத்தும் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், கசிவே இல்லாவிட்டாலும் இரண்டு ஹோஸையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, ஒன்றின் வயசுதானே மற்றதற்கும்.

பதில் 2:
தீ குறைவது பெரும்பாலும் ரெகுலேட்டர் கோளாறு அல்ல. அந்தப் பிளாஸ்டிக் நட்டு இணைப்பில் வேகக் கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. ஹோஸ் அறுந்தது போல வாயு திடீரென்று பாய்ந்தால் அது வழியை அடைத்து, துளி மட்டும் விடும். வால்வைச் சட்டென்று திறந்தாலும், உள்ளே ஏதாவது பர்னர் திறந்திருக்கும்போது திறந்தாலும், அது ஏமாந்து அடைத்துக்கொள்ளும். அந்தத் துளி வாயு ஒரு பர்னருக்கே போதாது, ஃபர்னஸுக்கு எங்கே போதும்?

கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு: எல்லா பர்னரையும் மூடி, சிலிண்டர் வால்வை மூடி, நட்டைக் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். கையாலேயே இறுக்கி மாட்டுங்கள், ஸ்பேனர் வேண்டாம். வால்வைக் கால் சுற்று மட்டும் மெதுவாகத் திறந்து, சில விநாடி கழித்து முழுதாகத் திறங்கள்.

பதில் 3:
டேப் விஷயத்தில் கவனம். விரிந்த கூம்பு வாயுள்ள ஃப்ளேர் இணைப்பில் உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அடைபடும். அங்கே டேப் சுற்றினால் சரியாக உட்காராது, துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டரை அடைக்கவும் செய்யும். பிளாஸ்டிக் நட்டிலும் வேண்டாம், அதைக் காப்பது உள்ளேயிருக்கும் ரப்பர்தான். குழாய் மரைகளுக்கு மட்டும் மஞ்சள் கேஸ் டேப்பைச் சுற்றுங்கள்.

கேட்டவர்:
கசிந்தது ஹோஸ் கவ்வும் இடத்தில்தான். இரண்டையும் மாற்றியாயிற்று, தீயும் சரியானது. ரெகுலேட்டர் அப்படியே இருக்கட்டுமா?

பதில் 2:
வாயு அழுத்தம் அளக்கும் மானோமீட்டரால் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே 11 அங்குல நீர் அழுத்தம் வரவேண்டும், ஃபர்னஸும் அடுப்பும் ஓடும்போதும் அதையொட்டியே நிற்கவேண்டும். எல்லாம் அணைந்த நிலையில் 14-ஐத் தாண்டினால் மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ரெகுலேட்டரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி இருக்கிறதா, சேறோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைபட்டால் அழுத்தம் தாறுமாறாகும்.

பதில் 1:
உள்ளே தரையோரம் இருக்கும் கேஸ் டிடெக்டரின் தேதியையும் பார்த்துவிடுங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில்தான் தேங்கும். சென்சார் ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 7 வருஷம். 2011-இல் வந்ததே இன்னும் இருந்தால், பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள்.