ரீசேல் பார்த்து கார் எடுப்பது: நாங்கள் போட்ட கணக்கு

என் மச்சினன் 2025 தீபாவளிக்கு முன்னால் முதல் கார் எடுக்கக் கிளம்பினான். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: "விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ரீசேல் இருக்கிற வண்டியா எடு." அதாவது பின்னால் விற்கும்போது நல்ல விலை போகிற வண்டி. அவன் பார்த்து வைத்திருந்த இரண்டு கார்களில் விலை கூடியதற்கே மனசைக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். சரி, உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்றேன்.

முதல் கார் ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 9 லட்சம். அதே மாடலில் ஐந்து வருடப் பழைய வண்டிகள் போகிற விலையைப் பார்த்து, விற்கும்போது 5.25 லட்சம் வரும் என்று வைத்தோம். இரண்டாவது கார் 7.75 லட்சம், விற்றால் 3.75 லட்சம்தான். அப்படியானால் முதல் காரில் கரைவது 3.75 லட்சம், இரண்டாவதில் 4 லட்சம். "பார்த்தீங்களா மாமா, 25 ஆயிரம் மிச்சம்" என்றான். ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் அந்த 1.25 லட்சமும் லோன்தானே? 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு அந்தத் தொகைக்கு மட்டும் வட்டி 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது. மிச்சம் என்று நினைத்தது மொத்தமும் வட்டிக்கே போய்விட்டது. ரொக்கமாகக் கொடுத்தாலும் எஃப்.டி.யில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி போகிறதே, அதையும் சேர்க்கத்தான் வேண்டும்.

இதை வைத்து ரீசேலே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவருக்கு அதுதான் பெரிய செலவு. இன்சூரன்ஸில் ஐ.டி.வி. (வண்டிக்குக் கம்பெனி வைக்கும் மதிப்பு) போடும் முறையைப் பாருங்கள்: ஆறு மாதம் தாண்டினாலே 15 சதவீதம் கழிகிறது, நான்கு வருடம் தாண்டினால் பாதி போய்விடுகிறது. பத்து, பன்னிரண்டு வருடம் வைத்து ஓட்டுகிறவருக்கு எந்தக் கார் எடுத்தாலும் கடைசியில் கிடைப்பது சிறிய தொகைதான். அவர் பார்க்க வேண்டியது வாங்கும் விலை, மைலேஜ், ஸ்பேர் விலை. ஆக, முதல் கேள்வியே எத்தனை வருடம் வைத்திருப்பேன் என்பதுதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் ரீசேல் பேசுவதில் அர்த்தமே இல்லை.

வாங்குகிற பக்கம் எதைப் பார்க்கிறார்கள் என்பதை என் பழைய ஹேட்ச்பேக்கை கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) கொடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைக்காரர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. முதலில் பானெட்டைத் திறந்து போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் நான்கு கதவிலும் ரப்பர் பீடிங்கை இழுத்து, உள்ளே தகட்டை விரலால் தடவினார். அடிபட்ட தகட்டைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கரிங் வேலை நடந்திருந்தால் அங்கே தெரிந்துவிடுமாம். டயரில் உள்ள தயாரிப்பு வாரம், வருடம், சர்வீஸ் ரெக்கார்டு, ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், லோன் முடிந்து ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தார். "வெள்ளை வண்டி, சிங்கிள் ஓனர்னா நிக்காதுங்க, உடனே போயிடும்" என்றார். டாப் வேரியன்ட் பற்றிக் கேட்டேன். "சன்ரூஃபுக்கு நீங்க ஷோரூம்ல குடுத்த காசை இங்க யாருங்க தருவாங்க?" என்று கேட்டார். ரீசேல் என்பது கம்பெனி பெயரோடு முடிவதில்லை என்று எனக்கு உறைத்த இடம் அதுதான். சர்வீஸ் பில்களைப் பத்திரமாக வைத்திருந்ததற்கே நல்ல விலை சொன்னார்.

இன்னொரு விஷயம், ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சம் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.2 லட்சம் காருக்கு 1.84 லட்சம். வண்டி விலையில் 30 ஆயிரம் வித்தியாசம், வரியில் 55 ஆயிரம்! விற்கும்போது இந்தப் பணத்தைத் தனியாக யாரும் எண்ணித் தரப்போவதில்லை. ஒரு படி மேலே உள்ள வேரியன்ட்டுக்கு ஆசைப்படும்முன் இந்தப் பத்து லட்சம் என்ற எல்லையைக் கட்டாயம் பாருங்கள்.

ஐந்து வருடம் கழித்து என்ன விலை என்பது நம் கையிலும் இல்லை. 2017 கடைசியில் செவர்லே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலை நகர் ஆலையும் மூடப்பட்டது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தச் சமயத்தில்தான் ஃபோர்டின் ஒரு பழைய ஈகோஸ்போர்ட் காரை விலை பேசி வாங்கினார். விற்கிற எண்ணமே அவருக்கு இல்லை, ஓடுகிறவரை ஓட்டுவார். வண்டியும் ரொம்ப நன்றாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதும் கேட்டிருப்பீர்கள். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். புது வண்டியே விலை இறங்கும்போது பழைய வண்டிக்கு யார் பழைய விலை தருவார்கள்? எங்கள் தெருவில் ஒருவர் அந்த வாரம்தான் காரை விற்பனைக்கு வைத்திருந்தார். வந்தவர்களெல்லாம் முதலில் பேசியது ஜி.எஸ்.டி.யைத்தான்.

மச்சினன் கடைசியில் 7.75 லட்சம் வண்டியையே எடுத்தான். பத்து வருடம் ஓட்டப் போகிறேன் என்கிறான், மிச்சப் பணத்தில் லோனையும் குறைத்துக்கொண்டான்.

பழைய காரை விற்றுப் புதிது எடுப்பவர்களுக்கு ஒன்று: கிளெய்ம் இல்லாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போவதில்லை. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால், பிரீமியத்தில் நம் வண்டியின் சேதத்துக்கான பகுதியில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சர்டிபிகேட் வாங்கிப் புது பாலிசியில் கழித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அடுத்தது மின்சாரக் கார் எடுக்கும் யோசனை. பேட்டரிக்கு எட்டு வருடம் வாரண்டி என்கிறார்கள். நான்கைந்து வருடம் ஓட்டி விற்றவர்கள் யாராவது இருந்தால் என்ன விலைக்குப் போனது, வாங்கியவர் பேட்டரியை எப்படிச் சோதித்தார் என்று எழுதுங்கள்.