குடும்பக் குழுவில் ஒரு சின்ன கம்பெனிப் பங்கு

சித்தப்பா: நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி இன்று ஓர் அறிவிப்பு கொடுத்திருக்கிறது. வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்றோடு புரிந்துணர்வு ஒப்பந்தமாம். பங்கு 18 சதவீதம் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

அத்தை: எந்த நிறுவனம் தம்பி?

சித்தப்பா: பெயர் போடவில்லை அக்கா. ரகசியம் காக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம்.

நான்: அறிவிப்பை முழுவதும் படித்தேன் சித்தப்பா. தொகை இல்லை, எப்போது சரக்கு போகும் என்று இல்லை. கடைசிப் பத்தியில் இது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்று எழுதியிருக்கிறார்கள். நாளைக்கே இருவரும் விலகிக்கொள்ளலாம். ஆர்டர் என்று ஒன்று இன்னும் வரவில்லை.

அண்ணன்: போன வருடமும் இதே மாதிரி ஒன்று வந்ததே, அது என்ன ஆயிற்று?

சித்தப்பா: பேச்சு நடக்கிறது என்றார்கள்.

நான்: அந்த அறிவிப்புக்கு அப்புறம் நடந்ததைத் தேடிப் பார்த்தேன். விலை ஏறியது. சில வாரத்திலேயே சந்தை விலையைவிட 20 சதவீதம் குறைத்து, புதுப் பங்குகளைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ஒதுக்கினார்கள். முன்பு மொத்தம் 10 கோடிப் பங்கு, இப்போது 14 கோடி. உங்கள் கையில் உள்ள எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கம்பெனியில் உங்கள் பாகம் கிட்டத்தட்ட 29 சதவீதம் சுருங்கிவிட்டது.

சித்தப்பா: வளரும் கம்பெனிக்குப் பணம் வேண்டாமா? இந்த அளவில் இருப்பவர்களுக்கு வங்கி எளிதில் கடன் தராது. பங்கு விற்றுத்தான் திரட்ட முடியும்.

நான்: திரட்டுவதில் தப்பே இல்லை. கையில் இந்த ஆர்டர் இருக்கிறது, அதற்கு இந்த இயந்திரம் வேண்டும், இந்தத் தேதியில் உற்பத்தி தொடங்கும் என்று கேட்டால் நானே கொடுப்பேன். பழைய பங்குதாரர் எல்லோருக்கும் ஒரே விலையில் உரிமைப் பங்கு கொடுத்தாலும் நியாயம். இங்கே பணம் எதற்கு என்ற இடத்தில் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்கான பணம், பொதுவான தேவைகள் என்று ஒரே ஒரு வரி.

நான்: எனக்கு இதைவிடப் பெரிய கவலை பணப்புழக்க அறிக்கை. லாப நட்டக் கணக்கில் லாபம் இருக்கிறது. தொழிலிலிருந்து உள்ளே வந்த பணம் மட்டும் மூன்று வருடமாக மைனஸ். விற்பனை கூடியதைவிட, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி இரண்டு மடங்கு வேகத்தில் கூடியிருக்கிறது. மாதத்துக்கு ஒன்றரைக் கோடி கரைகிறது, வங்கியில் 6 கோடிதான். நான்கு மாதத்துக்குத்தான் தாங்கும். அதனால் அடுத்த திரட்டல் நெருங்கிவிட்டது, அதற்கு முன்னால் விலையை ஏற்றத்தான் இந்த அறிவிப்போ என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தை: ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் இல்லையா? பிறகு என்ன பயம்?

அண்ணன்: ஆடிட்டர் இருந்தும் நடந்திருக்கிறது அத்தை. பிரிட்டனில் பாட்டிசெரி வேலரி என்ற கேக் கடை நிறுவனம், லண்டனில் சின்ன கம்பெனிகளுக்கான ஏஐஎம் சந்தையில் இருந்தது. 2018 மே மாதம் வந்த அரையாண்டு அறிக்கையில் கடன் போக 2.88 கோடி பவுண்ட் ரொக்கம் காட்டினார்கள். அக்டோபரில் பார்த்தால் நிகரக் கடனே சுமார் ஒரு கோடி பவுண்ட். வர்த்தகம் நிறுத்தப்பட்டபோது பங்கு 429.5 பென்ஸ். காப்பாற்றுவதற்காக 50 பென்ஸ் விலையில் புதுப் பங்கு விற்று சுமார் 1.5 கோடி பவுண்ட் வாங்கினார்கள். 2019 ஜனவரியில் நிறுவனம் நொடித்து, திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. கடைசியில் வந்து கை கொடுத்தவர்களின் பணமும் போய்விட்டது.

சித்தப்பா: அது மோசடி. இவர்களை அந்த வரிசையில் வைக்காதீர்கள். தலைவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன், உழைப்பாளி.

நான்: திருடர்கள் என்று நான் சொல்லவே இல்லை சித்தப்பா. பல இடங்களில் நிர்வாகம் தன் கனவைத் தானே முழுசாக நம்புகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் நமக்கு அதைச் சரிபார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. கனடாவின் பிரீ-எக்ஸ் என்ற சுரங்க நிறுவனத்தின் கதையில் அதுதான் நடந்தது. இந்தோனேசியாவில் புசாங் என்ற இடத்தில் பெரிய தங்கப் படிவு என்றார்கள். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில் பாதியை மறுசோதனைக்கு வைத்திருப்பது சுரங்கத் தொழில் வழக்கம். இவர்கள் கிட்டத்தட்ட முழுவதையும் பொடியாக்கிவிட்டார்கள். மறுபடி சோதிக்கப் போதுமான மூலம் இல்லை. 1997இல் அந்தப் பொடியில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டது தெரிந்து, பங்கு ஒன்றுமில்லாமல் போனது. அதற்கு அப்புறம்தான், சுரங்கத் தகவல் வெளியிட்டால் தகுதி பெற்ற நிபுணர் பொறுப்பேற்க வேண்டும் என்று 2001இல் கனடா விதி கொண்டுவந்தது. அதே போல, இங்கே பெயர் சொல்லாத அந்த வெளிநாட்டு நிறுவனத்தையும் நம்மால் சோதிக்க முடியாது.

அண்ணன்: வாரண்டும் இருக்கிறது, பார்த்தீர்களா? போன முறை வாங்கியவர்களுக்கு ஒரு பங்குக்கு ஒரு வாரண்ட் கொடுத்திருக்கிறார்கள். முன்பே குறித்த விலையைக் கொடுத்துப் புதுப் பங்கு வாங்கும் உரிமை அது. சந்தை விலை அதைத் தாண்டினால், பங்காக மாற்றி லாபத்துக்கு விற்கலாம். நீங்கள் இன்று ஏற்றத்தில் வாங்கினால், எதிர்ப்பக்கம் விற்பவர் அவர்களாகவே இருக்கலாம்.

சித்தப்பா: வாரண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அண்ணன்: ஆண்டறிக்கையில் பங்கு மூலதனக் குறிப்பு. படம் எடுத்து அனுப்புகிறேன்.

சித்தப்பா: பார்த்தேன். சரி, புதிதாக வாங்கவில்லை. இருப்பதை விற்க மனம் வரவில்லை, அதில் என்னை வற்புறுத்தாதீர்கள். கம்பெனிச் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறேன்: ஒப்பந்தத்தின் தொகை என்ன, போன வருட ஒப்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் எவ்வளவு தர வேண்டும்?

நான்: இதையும் சேருங்கள். போன திரட்டலில் இயக்குநர்கள் சொந்தப் பணம் போட்டார்களா, அடுத்ததில் போடுவார்களா?

அத்தை: பதில் வந்தால் அப்படியே இங்கே போடு தம்பி. வராவிட்டாலும் சொல்லு.