பருவும் அது விட்டுப்போகும் கறையும்: மலேசியாவில் கவுண்டரிலும் கிளினிக்கிலும் பார்த்தவை

பிரிக்பீல்ட்ஸ் பார்மசிஸ்ட்

கவுண்டருக்கு வருகிறவர்கள் பலர், "கறை போக ஏதாச்சும் கிரீம் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முகத்தைப் பார்த்தால் தாடையோரம் நேற்று வந்த பரு மூன்று சிவந்து நிற்கும். ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற கதைதான். நம்முடைய மாநிறத் தோல், வீக்கம் கண்ட இடத்தில் எல்லாம் மெலனின் என்ற கறுப்பு நிறமியைக் கொட்டும். பரு வீங்கினாலும் கொட்டும், நகத்தால் கிள்ளினாலும் கொட்டும், பூசிய மருந்து எரித்தாலும் கொட்டும். அதனால் வரிசை முக்கியம். முதலில் புதுப் பரு நிற்கணும், கூடவே வெயிலைத் தடுக்கணும், அப்புறம்தான் கறைக்கென்று தனி மருந்து.

எதையும் வாங்கும் முன் கறை எந்த ரகம் என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் நின்று, ஒரு கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைக் கறைமேல் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்தால் அது சிவப்புக் கறை. உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். வெளுப்பாக்கும் கிரீம் அதற்கு வேலை செய்யாது. அழுத்தியும் பழுப்பாகவே தெரிந்தால் மெலனின். அதற்குத்தான் கிரீம். சாம்பல் கலந்த நீலச் சாயல் இருந்தால் மெலனின் ஆழத்தில் இறங்கிவிட்டது, வருஷக் கணக்கில் ஆகலாம். விரலால் தடவும்போது பள்ளம் தட்டினால் அது வடு. எந்தக் கிரீமும் பள்ளத்தை நிரப்பாது. அதைச் சொல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

காலையில் மூன்றே பொருள்: வாசனை இல்லாத ஃபேஸ் வாஷ், ஜெல் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். ராத்திரி அதே ஃபேஸ் வாஷ், ஒரு மருந்து, மாய்ஸ்சரைசர். ஒரு மருந்து என்றால் ஒன்றுதான். சாலிசிலிக், வைட்டமின் சி, ரெட்டினால், கிளைக்காலிக் பீலிங் என்று கூடை நிறைய வாங்கிப் போகிறவர்கள் ரெண்டு வாரத்தில் உரிந்த முகத்தோடு திரும்பி வருவார்கள். எது எரித்தது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு எடுப்பதாக இருந்தால் 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் பருவைக் குறைப்பதில் அதைப் பெரிதாக முந்துவதில்லை, எரிச்சலில்தான் முந்தும். கிளிண்டாமைசின் என்ற ஆண்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக் கணக்கில் பூசினால் கிருமி பழகிக்கொள்ளும். அதோடு பெராக்சைடும் இருக்கணும்.

செராஸ் தோல் கிளினிக் நர்ஸ்

அண்ணன் சொன்ன "ஒரு மருந்து" பெரும்பாலும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லாகத்தான் இருக்கும். தோல்துளை அடைப்பையும் எடுக்கும், கறையையும் மெல்லக் கரைக்கும். ஆனால் மருந்தைவிடப் பூசும் விதம்தான் பலரைக் கவிழ்க்கிறது. கிளினிக்கில் நான் செய்து காட்டுவது இப்படி:

முகம் கழுவி, துண்டால் ஒற்றி, 20 நிமிஷம் விடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக உள்ளே போய் எரிக்கும். மூக்கு மடிப்பு, உதட்டோரம், கண்ணின் மூலை மூன்றிலும் முதலில் வாஸ்லின் ஒரு தொடு. பிறகு ஒரு பச்சைப் பட்டாணி அளவு ஜெல்லை விரல்நுனியில் எடுத்து நெற்றி, ரெண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்துப் பரப்புங்கள். அது முழு முகத்துக்கும். பருமேல் மட்டும் பொட்டு வைக்கிற பழக்கம் வேண்டாம். இந்த மருந்து நாளைக்கு வரப்போகிற பருவுக்கு, இன்றைக்கு நிற்கிற பருவுக்கு அல்ல.

முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எரிச்சல் இல்லை என்றால் மட்டும் தினமும். தோல் மெல்லியது, சட்டென்று சிவக்கும் என்றால் மாய்ஸ்சரைசர், ஜெல், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று மூன்று அடுக்காகப் போடலாம், பலன் கொஞ்சம் குறையலாம்.

ரெண்டாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் நடுவே, வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே குட்டிக் குட்டியாகக் கிளம்பும். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் ட்யூபைக் குப்பையில் போடுகிறார்கள். அது தானாக அடங்கும். ஆனால் இதுவரை பரு வராத இடத்தில் வந்தாலோ, அரித்தாலோ, தண்ணீர் பட்டாலே எரிந்தாலோ அது வேறு விஷயம், நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். பலன் இருக்கிறதா என்பதை 12 வாரம் முடிந்துதான் சொல்ல முடியும். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களும் அடாபலீன் உட்பட ரெட்டினாய்டு வகை மருந்து எதையும் தொடக்கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுவிட்டு.

பினாங்கு லிட்டில் இந்தியா, அழகு நிலையம்

நர்ஸ் தங்கச்சி சொல்வதோடு ஒன்று. அந்த ஜெல் பூசுகிறவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மேலுதட்டில் வேக்ஸ் போட்டால் முடியோடு தோலும் சேர்ந்து வரும், அந்த இடம் மீசை மாதிரி கறுத்துப் போகும். ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்தியிருக்கணும். நூல் போடுவது அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் அன்றும் மறுநாளும் மருந்து வேண்டாம்.

நெற்றியில் முடி ஓரமாக மட்டும் வரிசையாகச் சின்னச் சின்னப் பரு என்றால் முகத்தைவிடத் தலையைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது சகஜம். எண்ணெயை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நம் வீடுகளில் யாரும் கேட்கப்போவதில்லை. உச்சியில் ஊற்றாமல் முடியின் நீளத்தில் தடவி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள். குளிக்கும்போது முடியை அலசி முடித்த பிறகு கடைசியாக முகம் கழுவுங்கள். முகத்தை முதலில் கழுவினால் ஷாம்பு, கண்டிஷனர், எண்ணெய் எல்லாம் வழிந்து வந்து மறுபடி அங்கேயே உட்காரும்.

நெற்றி நடுவில் வட்டமாக, சிலேட் நிறத்தில் கறை என்றால் பருவை நினைக்காதீர்கள். குங்குமமோ ஸ்டிக்கர் பொட்டின் பசையோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பொட்டை நிறுத்தாமல் அதன்மேல் எதைப் பூசினாலும் வீண்.

கேள்வி (செந்தூலிலிருந்து)

எலுமிச்சையும் கஸ்தூரி மஞ்சளும் கலந்து போடலாமா? பாட்டி காலத்திலிருந்து போடுகிறார்களே?

பினாங்கு லிட்டில் இந்தியா, அழகு நிலையம்

எலுமிச்சை வேண்டாம்மா. சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, சாறு வழிந்த கோட்டிலேயே பழுப்பாகக் கறை விழும். மஞ்சளால் பெரிய கெடுதல் வராது, ஒவ்வாமை வருகிறவர்களைத் தவிர. ஆனால் அதில் கடலை மாவைக் கலந்து தேய்க்கிறார்கள் பாருங்கள், அந்தத் தேய்ப்புதான் வீங்கிய பருவை உடைக்கிறது.

ஜார்ஜ் டவுன் பார்மசிஸ்ட்

பாட்டி வைத்தியத்தை விடுங்கள், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் போன் வழியாகவும் விற்கும் கிரீம்தான் பெரிய வினை. லேபிளே இல்லாத சின்ன டப்பா, மஞ்சளாக ஒன்று பகலுக்கு, வெள்ளையாக ஒன்று ராத்திரிக்கு. ஒரே வாரத்தில் பரு அமுங்கி, முகம் வெளுத்து, பளபளக்கும். அந்த வேகமே சந்தேகப்பட வேண்டிய விஷயம். உள்ளே பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், பாதரசம் இதில் ஏதாவது ஒன்றோ பலவோ இருக்கும். நான்குமே அழகுசாதனப் பொருளில் சேர்க்கத் தடை செய்யப்பட்டவை.

ஸ்டீராய்டு என்றால் சில மாதத்தில் தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், பூனைமுடி வளரும், ஒரே அளவில் அச்சடித்த மாதிரி பரு கிளம்பும். நிறுத்திய சில நாளில் முகம் தீப்பிடித்த மாதிரி சிவக்கும், பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள். மாதக் கணக்கில் பூசியவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டப்பாவோடு தோல் டாக்டரிடம் போவது நல்லது. பாதரசம் இன்னும் மோசம், சிறுநீரகத்தைப் பிடிக்கும். லேபிள் இருந்தாலும் அதில் 'கலோமெல்', 'மெர்குரியோ' என்று பெயர் மாற்றிப் போட்டிருப்பார்கள். பூசும்போது தங்கம், வெள்ளி நகை படக்கூடாது என்று எழுதியிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. தாலிக்கொடிக்கு ஆகாதது முகத்துக்கு எப்படி ஆகும்?

அழகுசாதனப் பொருளின் பெட்டியில் என்-ஓ-டி என்று தொடங்கி 'கே'யில் முடியும் எண் இருக்கணும். அதை மருந்து, அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ-வின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். பெயரும் எண்ணும் பொருந்துகிறதா, ரத்து ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று நினைவில் வையுங்கள்: இந்த எண் கம்பெனி பதிவு செய்து அறிவித்ததற்கு அடையாளம், என்பிஆர்ஏ முன்கூட்டியே சோதித்துப் பார்த்ததற்கு அல்ல. மருந்து என்றால் எண் எம்-ஏ-எல் என்று தொடங்கும், கூடவே ஹோலோகிராம் ஒட்டி இருக்கும்.

செராஸ் தோல் கிளினிக் நர்ஸ்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெற்றியிலும் நெஞ்சிலும் முதுகிலும் ஒன்றோ ரெண்டோ மில்லிமீட்டரில், எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு வந்தால் அது பரு இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது செழித்து வளரும். பருவுக்குக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டால் குறையாது, சில பேருக்குக் கூடவே செய்யும். கெட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு நுரையை அந்த இடத்தில் 5 நிமிஷம் வைத்து அலசுங்கள், வாரத்துக்கு மூன்று தடவை. நான்கு வாரத்தில் அசையவில்லை என்றால் நம் கணிப்பு தப்பு, டாக்டர் பார்க்கட்டும். ஹெல்மெட்டின் உள்துணி கழற்ற வருமென்றால் வாரம் ஒரு தடவை துவையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பார்மசிஸ்ட்

சன்ஸ்கிரீனை இன்னும் யாரும் எடுக்கவில்லை. கறை மறைவதும் மறையாததும் அதில்தான் இருக்கிறது. எஸ்பிஎஃப் 50 என்று போட்டிருப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த கணக்கு. அந்த அளவு கிடைக்க ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழுத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசணும். ஒரே தடவையில் அவ்வளவும் பூசினால் வெள்ளையாகத் திரளும், அதனால் ஒரு விரல் பூசி, ரெண்டு நிமிஷம் விட்டு, அடுத்த விரல்.

நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 1 மணிக்கும் 1.30-க்கும் நடுவே. சரியாக மதியச் சாப்பாட்டுக்கு ஆபீசிலிருந்து இறங்கி நடக்கிற நேரம். காலை 7.30-க்குப் பூசியது அதற்குள் வியர்வையில் போயிருக்கும். 12.45-க்கு முகத்தை டிஷ்யூவால் ஒற்றிவிட்டு மறுபடி பூசுங்கள், துடைக்கவேண்டாம்.

இன்னொன்று: மாநிறத் தோலைக் கறுக்க வைப்பது புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் தடுக்கும், முகம் சாம்பல் பூசிய மாதிரியும் தெரியாது. பழுப்புக் கறை உள்ளவர்கள் அதையே வாங்கலாம்.

புதுப் பரு அடங்கிய பிறகு கறைக்கு அசெலாயிக் அமிலம் 20 சதவீத கிரீம். முதலில் ராத்திரி மட்டும், பழகியதும் காலையிலும். முதல் சில வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும், சிவக்காதவரை பயமில்லை. இல்லாவிட்டால் நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம். மாதம் ஒரு தடவை அதே ஜன்னல், அதே நேரம், பில்டர் இல்லாமல் போட்டோ எடுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கேள்வி (பட்டர்வொர்த்திலிருந்து)

எப்போது டாக்டரிடம் போகணும்? தேத்தாரேயை (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) நிறுத்தணுமா?

செராஸ் தோல் கிளினிக் நர்ஸ்

கட்டியாக, தொட்டால் வலிக்கிற பரு, பள்ளம் விழ ஆரம்பித்தது, 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையாதது, இவற்றுக்குத் தாமதிக்காமல் போங்கள். தாடையைச் சுற்றிப் பரு, கூடவே மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி என்றால் ஹார்மோனையும் பார்க்கணும். அரசாங்க வழியில் போவதென்றால் முதலில் 'கிளினிக் கெசிஹாத்தான்' என்ற அரசாங்க சுகாதார கிளினிக், அங்கே எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு ஆஸ்பத்திரி தோல் பிரிவு. காத்திருக்கணும், ஆனால் செலவு சொற்பம். பூசுகிற எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரில்லாத டப்பா உட்பட. லேசரும் பீலிங்கும் பரு அடங்குமுன் வேண்டாம், அந்தச் சூடும் எரிச்சலுமே புதுக் கறையை வைக்கும்.

தேத்தாரேயை நிறுத்தவேண்டாம், இனிப்புக் கெட்டிப் பாலைக் குறைத்துக் கேளுங்கள். சர்க்கரை வேகமாக ஏறுகிற சாப்பாடு சிலருக்குப் பருவைக் கூட்டும். ஜிம் போகிற பையன்கள் வே புரோட்டீனை ரெண்டு மாதம் நிறுத்திப் பார்க்கலாம்.

ஜார்ஜ் டவுன் பார்மசிஸ்ட்

பெராக்சைடு பூசுகிறவர்கள் வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். கலர் துணி பட்ட இடமெல்லாம் ஆரஞ்சாக வெளுக்கும், துவைத்தாலும் பழைய நிறம் திரும்பாது. "துண்டு கெட்டுப்போச்சு, மருந்து போலியா?" என்று கேட்டு ட்யூபைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. போலி இல்லை. ட்யூபை வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விடாதீர்கள்.