மாடித்தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட: எந்த வால்வு சரி?

வணக்கம் நண்பர்களே. மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் கத்தரி, தக்காளி, வெண்டை என்று 30 தொட்டிகள் இருக்கின்றன. இரண்டு நாள் ஊருக்குப் போனாலே எல்லாம் வாடிவிடுகின்றன, அதனால் சொட்டுநீர்க் குழாய் போட்டு, இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்), ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), 12 வோல்ட் சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் மென்பொருளில் இணைத்துவிட்டேன். மண் ஈரம் பார்ப்பது கெப்பாசிட்டிவ் சென்சார் (உலோகம் நேரடியாக மண்ணில் படாத வகை); முதலில் வாங்கிய, மண்ணில் குத்தும் இரண்டு உலோகக் கம்பிகள் கொண்ட சென்சார் சில வாரங்களிலேயே அரித்துப்போனது.

பிரச்சினை வால்வில்தான். டேங்க் செடிகளைவிட ஒன்றரை மீட்டர்தான் உயரம், அதாவது சுமார் 0.15 பார் அழுத்தம். வால்வுக்கோ குறைந்தது 0.2 பார் வேண்டும் என்று போட்டிருக்கிறது. மூடச் சொன்னாலும் முழுதாக மூடுவதில்லை, கசிந்துகொண்டே இருக்கிறது. அழுத்தம் இல்லாமலும் இயங்கும் மோட்டார் பால் வால்வுக்கு (உள்ளே இருக்கும் துளையிட்ட பந்தை மோட்டார் திருப்பித் திறந்து மூடும் வால்வு) மாறலாமா, இல்லை சின்ன பம்ப் வைப்பது நல்லதா? பால் வால்வு திறந்திருக்கும்போது கரண்ட் போனால் அப்படியே நின்று டேங்க் முழுக்கக் காலியாகிவிடுமே, அதுதான் பெரிய கவலை. யாராவது ஒரு கோடையாவது இப்படி ஓட்டியிருந்தால் வயரிங் படத்தோடு சொல்லுங்கள். அப்புறம், எங்களுடையது உப்பு போர்வெல் தண்ணீர், டிரிப்பர் (சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முனை) அடைக்காமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?